பழனிச்சாமியின் ஓவன்

ஈயத் தகட்டின் ஓரத்தில் கோலமாவு சிந்தியதுபோல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. முதலில் பார்த்தவள் ஸ்னேஹாதான். பூதக்கண்ணாடியை வனஜாவின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் வனஜாவுக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருந்தது. அங்கே ஆறு கண்ணாடிப் பேழைகள் வேலை முடிந்து, பழைய கம்பளி போர்த்தி, வண்டி ஏறத் தயாராக நின்றன. காக்ஸ் டவுனில் ஓர் அறக்கட்டளை பழைய பங்களா ஒன்றை எடுத்து, அரிய புத்தகங்களுக்கென்றே சிறிய அருங்காட்சியகம் ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தது. அந்தப் புத்தகங்கள் இருக்கப்போகும் பேழைகள்தான் இவை. ஸ்னேஹா அங்கே புத்தகப் பாதுகாப்பைக் கவனிப்பவள். கும்பகோணத்துப் பெண். இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வேலைக்காக பெங்களூர் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

புத்தகத்தை உள்ளே வைப்பதற்கு முன்னால் அவள் கடைசியாக ஒரு சோதனை செய்வாள். வெள்ளி, செம்பு, ஈயம் என்று விரல் நீளத்தில் மூன்று தகடுகளை மூடிய பேழைக்குள் சில வாரம் விட்டுவைப்பாள். உள்ளே காற்று சுத்தமாக இருந்தால் தகடுகள் வைத்தபடியே இருக்கும். எங்கிருந்தாவது அமிலம் கசிந்தால் ஈயம் வெளுத்துவிடும். ஈயத்தை வெளுக்கவைக்கிற காற்று காகிதத்தையும் சும்மா விடாது. கண்ணுக்குத் தெரியாமல் அரித்து, சில வருடங்களில் தொட்டால் அப்பளம்போல் நொறுங்கும்படி செய்துவிடும்.

வனஜா அடுத்த பேழையைத் திறந்தாள். அதிலும் வெள்ளை. ஆறையும் திறந்து பார்த்தார்கள். எதுவும் தப்பவில்லை.

இந்தப் பெண் இன்றைக்கு லீவு போட்டிருக்கக் கூடாதா என்றுதான் வனஜாவுக்கு முதலில் தோன்றியது. தோன்றியதும் உடனே வெட்கமாகவும் இருந்தது. திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அழைப்பிதழ் எல்லோருக்கும் போய்விட்டது.

வனஜாவுக்கு வயது நாற்பத்தாறு. பெங்களூரிலேயே ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். பாலிடெக்னிக்கில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டு, நகைக்கடைகளுக்கு ஷோகேஸ் செய்யும் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்து, பிறகு தனியாகத் தொழில் தொடங்கினாள். அருங்காட்சியக வேலை அவளுக்கு இதுதான் முதல் தடவை. கிடைத்த நாளிலிருந்து நகைக்கடை வேலைகளைக் கூடக் குறைத்துக்கொண்டு இதிலேயே மூழ்கிக் கிடந்தாள். நகைக்கு வெளிச்சம் வேண்டும், புத்தகத்துக்கு வெளிச்சம் ஆகாது. நகையை எப்படி வேண்டுமானாலும் சாய்த்து வைக்கலாம், புத்தகம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குத்தான் விரியும், அதற்குமேல் விரித்தால் தையல் விட்டுப்போகும். இதையெல்லாம் ஸ்னேஹாவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு புத்தகத்தையும் நேரில் அளந்து, அதனதன் உடம்புக்கு ஏற்றபடி ஒரு தாங்கி வரைந்தாள். அதைத் தொட்டில் என்று சொல்லத் தொடங்கியதும் அவள்தான். பிறகு எல்லோரும் அப்படியே சொன்னார்கள்.

எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கண்ணாடி ஒட்டும் பசை, ஓரத்து ரப்பர், உள்ளே விரித்த துணி எல்லாமே முன்பே சோதித்துத் தேறியவை. மிச்சம் இருந்தது இரும்புச் சட்டத்தின் மேலுள்ள பூச்சு. வண்ணப் பொடியைத் தூவி, பெரிய ஓவனுக்குள் வைத்துச் சுட்டால் அது உருகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். சரியாக வெந்துவிட்டால் அதற்கு மேல் அதிலிருந்து ஒரு வாடையும் வராது. வனஜா வெள்ளைப் பஞ்சில் தின்னரை நனைத்து, சட்டத்தின் உட்பக்கம் அழுத்தித் தேய்த்தாள். பஞ்சில் சாம்பல் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது.

"வேகவே இல்ல" என்றாள்.

பூச்சுப் போட்டுக் கொடுத்த ஆளுக்கு போன் செய்தாள். அவர் முதலில் பொடியைக் குறை சொன்னார், பிறகு மழையைக் குறை சொன்னார். கடைசியில், அன்றைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்ததென்றும், பார்க்க நன்றாக இருந்ததால் பாதியிலேயே எடுத்துவிட்டதாகவும் ஒப்புக்கொண்டார். வனஜா சத்தம் போடவில்லை. வந்த சரக்கை அன்றைக்கே இப்படிப் பஞ்சால் தேய்த்துப் பார்த்திருக்க வேண்டும். எப்போதும் பார்ப்பவள்தான். அன்று பார்த்து காக்ஸ் டவுனில் ஒரு சின்னப் புத்தகத்துக்கு எதிரே உட்கார்ந்து அதன் தொட்டிலை வரைந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சின்னப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஆனால் செங்கல்போல் தடிமன். கண்டோன்மென்ட் கடைவீதியில் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதற்காக அந்தக் காலத்தில் யாரோ அச்சடித்தது. தமிழ், கன்னடம், தக்னி உருது என்று மூன்று பத்திகளில், மூன்றுமே தமிழ் எழுத்தில், அரிசி பருப்பிலிருந்து குதிரை லாடம் வரைக்கும் பெயர்கள். முதுகு விறைத்துப்போய், புத்தகம் பாதிகூட விரியாது. மேலே இருந்து எட்டிப் பார்த்தால் எழுத்து தெரியாது. வனஜா அதைக் குறுகலாகத் திறந்தபடியே சற்றுப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு பக்கம் மட்டும் பார்ப்பவரின் முகத்துக்கு நேராக வரும்படி தொட்டில் செய்திருந்தாள். அதற்கு மட்டும் ஏழெட்டு மாதிரி செய்து பார்த்தாள்.

மறுநாள் காலை ஸ்னேஹாவும் வனஜாவும் காக்ஸ் டவுன் போனார்கள். அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் சீனிவாசராகவன் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வுபெற்றவர். மாடி அறையில் தரையெல்லாம் அழைப்பிதழ் உறைகள் பரப்பிக் கிடந்தன. வனஜா வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். ஆனால் ஸ்னேஹா முந்திக்கொண்டாள்.

"சார், கடைசிச் செக்கிங்ல ஒரு பிரச்சினை கண்டுபிடிச்சோம்" என்றாள்.

கண்டுபிடிச்சோம் என்றாள். கண்டுபிடிச்சேன் என்று சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மை. வனஜா மேடம் பண்ணின கேஸ்ல என்று ஆரம்பித்திருந்தாலும் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ஒரு சொல்லில் ஸ்னேஹா தன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள் என்று வனஜாவுக்குப் பட்டது. அதற்குப் பிறகு பேசுவது சுலபமாகிவிட்டது. பூச்சு வேகாததையும், தான் பார்க்கத் தவறியதையும், எல்லாவற்றையும் பிரித்து மறுபடி சுட வேண்டும் என்பதையும் அவளே சொன்னாள்.

சீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"புஸ்தகம் ஏதாவது உள்ள வெச்சாச்சா?"

"இல்ல சார். ஒண்ணுகூட வெக்கல."

"அப்போ என்ன கெட்டுப்போச்சு இப்போ? தேதிதானே? தேதியை மாத்திக்கலாம்."

உடனே குனிந்து ஒரு உறையை எடுத்து, விழா ஒரு மாதம் தள்ளிப்போகிறது என்று எல்லோருக்கும் எப்படிச் செய்தி அனுப்புவது என்று ஸ்னேஹாவிடம் பேச ஆரம்பித்துவிட்டார். டிரஸ்டில் இருக்கும் மற்றவர்களிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும், வனஜா அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார். போகும்போது மட்டும், அந்தச் சின்னப் புத்தகத்தின் தொட்டிலை ஓவனில் வைக்க வேண்டியிருக்காதே என்று கேட்டார். அது கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் செய்தது, பூச்சே இல்லை என்றதும் நிம்மதியாகத் தலையாட்டினார்.

ஒரு மாதம் கிடைத்துவிட்டது. ஓவன்தான் கிடைக்கவில்லை.

சட்டங்கள் ஆறடி நீளம், ஒரே துண்டாகப் பற்றவைத்தவை. அறுத்துப் பிரித்தால் காற்றுப் புகாமல் மறுபடி சேர்ப்பது கஷ்டம். பழைய ஆளிடம் போக வனஜாவுக்கு மனம் இல்லை. பீன்யாவில் ஒவ்வொரு இடமாக விசாரித்தாள். சின்ன ஓவன்களில் சட்டம் நுழையாது. பெரிய ஓவன்களில் தசரா முடிகிறவரைக்கும் இடமில்லை என்றார்கள். மறுபடி சோதித்துப் பார்க்கவும் இரண்டு வாரமாவது வேண்டும் என்று ஸ்னேஹா சொல்லியிருந்ததால், ஒவ்வொரு நாளும் போவது உறைத்தது.

பட்டறையில் கண்ணாடி வேலை பார்க்கும் உத்தமன் தர்மபுரிக்காரன். வனஜாவோடு நகைக்கடைக் காலத்திலிருந்தே இருப்பவன். அவன்தான் அந்தப் பெயரைச் சொன்னான்.

"பழனிச்சாமி அண்ணன்கிட்ட இருக்குதுக்கா. எட்டடி தாராளமா உள்ள போவும்."

வனஜா வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

பழனிச்சாமி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். பீன்யாவில் பெரிய கூடம் வைத்து, ஊரில் பல அருங்காட்சியகங்களுக்குப் பேழை செய்து கொடுத்தவர். இந்த வேலையும் அவருக்குத்தான் போகும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வனஜாவுக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு கண்ணாடி வாங்கப் போன இடத்தில் ஒருவர் அவளிடம் வந்து, நகைக்கடைக்கு ஷோகேஸ் செய்கிறவர்கள் புத்தகத்துக்குப் பெட்டி செய்யப் போகிறார்களாம் என்று பழனிச்சாமி சிரித்ததாகச் சொன்னார். பழனிச்சாமி அப்படிச் சொன்னாரோ இல்லையோ, செருப்புக்குள் சிக்கிய கல்லைப்போல் அந்தச் சொல் வனஜாவை உறுத்திக்கொண்டே இருந்தது. பேழைகள் ஒவ்வொன்றாக முடிந்தபோதெல்லாம், அவர் வந்து பார்க்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவரிடமே போய் என் பேழை கெட்டுப்போச்சு என்று எப்படிச் சொல்வது?

அவள் கணவன் முனிராஜ் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவன். அதிகம் பேசமாட்டான். காலையில் தோசை தின்றுகொண்டே முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "கேட்டுப் பாரேன். இல்லன்னு சொன்னா பஸ் புடிச்சு வந்துடப் போற" என்றான். அது ஆறுதலா கிண்டலா என்று புரியாவிட்டாலும், அன்றைக்கு அவள் நேராகப் பழனிச்சாமியின் கூடத்துக்குத்தான் போனாள்.

உள்ளே கரண்ட் பேனல் பெட்டிகள் வரிசை வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் பொடி தூவிக்கொண்டிருந்தார்கள், மறுபக்கம் ஓவன் அனல் வீசிக்கொண்டிருந்தது. பழனிச்சாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு கீலைத் திருகிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், நல்ல உயரம். அவளைப் பார்த்ததும் திருகுளியை வைத்துவிட்டார்.

"வாங்கம்மணி" என்றார். "உக்காருங்க. டீ சொல்றேன்."

வனஜா பையிலிருந்து வெளுத்துப்போன ஈயத் தகட்டை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்ன ஆனது என்று கேட்கவில்லை. அவருக்கும் இந்தச் சோதனை தெரியும்.

"எல்லாத்துலயுமா?"

"ஆறுலயும் சார்."

"கண்ணாடியக் கழட்ட முடியுமா?"

முடியும் என்று வனஜா விளக்கினாள். கண்ணாடி முழுவதும் ஒரே மூடியாக ஒட்டியது, அதைத் தூக்கி எடுத்துவிடலாம். சட்டமும், உள்தட்டும், அடித்தட்டும் தனித்தனியாக வந்துவிடும். ரப்பரை மட்டும் சுரண்டி எடுத்து, கடைசியில் புதிதாகப் போட வேண்டும். இதைச் சொல்லி முடித்து, ஓவனைக் கேட்க அவள் வாய் திறப்பதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். மறுமுனையில் பேனல் பெட்டிக்காரர். பழனிச்சாமி கன்னடத்தில் பேசினார்.

"சார், நிம்து எரடு தின தட ஆகத்தே. இல்ல சார், ஓவன் சரி இதே. பேரே அர்ஜென்ட் கெலசா ஒந்து பந்திதே."

உங்கள் சரக்கு இரண்டு நாள் தாமதமாகும், ஓவன் நன்றாகத்தான் இருக்கிறது, வேறு அவசர வேலை ஒன்று வந்திருக்கிறது என்று அவர் சொல்வதை வனஜா டீ தம்ளரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மறுமுனை ஏதோ கோபமாகச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சிரித்துச் சமாளித்து வைத்துவிட்டார்.

"நாளைக்கு காத்தால கொண்டாந்துருங்க" என்றார்.

வனஜா தம்ளரைக் கீழே வைத்தாள். நன்றி என்று சொல்வதற்குப் பதிலாக, "ஏன் சார்?" என்று கேட்டுவிட்டாள்.

பழனிச்சாமி திருகுளியை மறுபடி கையில் எடுத்தார்.

"வேலை உங்களுக்குப் போனதும் எனக்குக் கடுப்புதானுங்க. ஏன் குடுக்கலைன்னு அந்த லைப்ரரி சார்கிட்டயே போயிக் கேட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல, உங்க டிராயிங்க எடுத்து முன்னால வெச்சாரு. அந்தக் குட்டிப் புஸ்தகத்துக்கு ஒரு தொட்டில் போட்டிருந்தீங்களே, அதைத்தான் ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். நானு எல்லாத்துக்கும் ஒரே சாய்வுப் பலகைதான் போட்டிருந்தனுங்க. அந்தப் புஸ்தகம் என்ற பலகையில கெடந்திருந்தா முதுகு முறிஞ்சிருக்கும்." நிறுத்திவிட்டு, "அது உள்ள போயி உக்காந்திருக்கறத நான் பாக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வனஜா அழுதாள். எதற்கென்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யார் கையையும் எதிர்பார்க்காமல் தொழில் செய்கிறவள் என்பதுதான் அவளுக்குள் இருந்த பெரிய கர்வம். அது கொஞ்சம் உடைந்தது. உடையும்போது வலிக்கும் என்று நினைத்திருந்தாள். பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

மறுநாள் உத்தமனும் மற்றவர்களும் கண்ணாடி மூடிகளை உறிஞ்சுப் பிடிகளால் தூக்கி, மெத்தைமேல் வரிசையாக வைத்தார்கள். சட்டங்கள் வண்டி ஏறின. பழனிச்சாமியின் கூடத்தில் இறக்கியதும் ரப்பர் சுரண்டும் வேலை. ஓரங்களில் ஒட்டியிருந்த ரப்பர் லேசில் வரவில்லை. வனஜாவின் ஆட்கள் நாலு பேர் குனிந்து சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, பேனல் பெட்டி வேலை நின்றுபோனதால் சும்மா இருந்த பெண்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். தமிழும் கன்னடமுமாகப் பேச்சு ஓடியது. எதற்கு இந்தப் பெட்டி என்று ஒருத்தி கேட்டாள். புத்தகத்துக்கு என்று உத்தமன் சொன்னதும், புத்தகத்துக்கு இவ்வளவு பெரிய வீடா, எனக்கு இந்த அளவு ரூம் கிடைத்தால் போதும் என்று அவள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வனஜாவும் சுரண்டிக்கொண்டே சிரித்தாள்.

ஓவனில் வெப்பத்தைப் பழனிச்சாமியே பார்த்துக்கொண்டார். இரும்பின் சூட்டைத் தனியாக அளக்கும் கருவி ஒன்று வைத்திருந்தார். காற்று சூடாவது வேறு, இரும்பு சூடாவது வேறு, இரும்பு சூடான பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும் என்பது வனஜாவுக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் இருவரும் கதவருகே நின்று, மாற்றி மாற்றி அந்த முள்ளையே பார்த்தார்கள். முதல் சட்டம் வெளியே வந்து ஆறியதும் வனஜா பஞ்சில் தின்னரை நனைத்துத் தேய்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அதை அவரிடம் காட்டினாள். அவர் தன் பங்குக்கு இன்னொரு பஞ்சால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

எல்லாம் அப்படிச் சுலபமாக முடியவில்லை. மூன்றாவது சட்டத்தில் ரப்பர் சரியாகப் போகாத இடத்தில் பழுப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது. உள்பக்கம்தான், துணி மறைத்துவிடும் என்றான் உத்தமன். ஆனால் ரப்பர் கருகினது அங்கேயே இருந்தால் மறுபடி ஏதாவது கசியுமோ என்று வனஜாவுக்குப் பயம். தேய்த்து எடுத்து, புதிதாகப் பொடி தூவி மறுபடி சுட வேண்டும். அதற்கு இன்னொரு பொழுது ஆகும். இரண்டு நாள் என்று சொன்னவரிடம் மூன்றாவது நாளைக் கேட்பதா என்று தயங்கிக்கொண்டே சாப்பிடப் போனாள். திரும்பி வந்து பார்த்தபோது அந்தச் சட்டம் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டு, இரும்பு பளிச்சென்று தெரிய, பொடி தூவும் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. யார் செய்ததென்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை. காலையில் சிரிக்கவைத்த அந்தப் பெண் மட்டும் தன் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

எல்லாம் முடிந்து வண்டி ஏற்றும்போது வனஜா பழனிச்சாமியிடம் போனாள்.

"அண்ணா, இத எப்படி மறப்பேன்னு தெரியல" என்றாள். சார் எப்போது அண்ணா ஆனார் என்பதை அவளே கவனிக்கவில்லை.

"ரப்பரு நல்லதாப் போடுங்க" என்றார் அவர்.

பட்டறையில் பேழைகளைச் சேர்த்துப் புது ரப்பர் போட்டதும், புதிய தகடுகளை உள்ளே வைத்துவிட்டு ஸ்னேஹா போனாள். அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வனஜா தினமும் பட்டறைக்கு வந்ததும் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பாள். ஈயத்தில் வெளிச்சம் பட்டு மின்னினால்கூட, வெளுத்துவிட்டதோ என்று மறுபடி குனிந்து பார்ப்பாள். ஒருநாள் உத்தமன் பேழைகளின்மேல் கம்பளியைப் போர்த்தி, இனிமேல் ஸ்னேஹா வருகிறவரைக்கும் அதை விலக்கக்கூடாது என்று சொல்லிவிட்டான்.

ஸ்னேஹா வந்தாள். கையுறை போட்டுக்கொண்டு, ஆறு பேழைகளிலிருந்தும் தகடுகளை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள். கடைசியில் பூதக்கண்ணாடியை வனஜாவிடம் நீட்டினாள். மங்கின சாம்பல் நிறத்தில் ஈயம் ஈயமாகவே இருந்தது. அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லாததை வனஜா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், முதல் தடவை இதக் காட்டினப்போ என் மேல கோவம் வந்துச்சுதானே?" என்று ஸ்னேஹா கேட்டாள்.

"வந்துச்சு. நீ அன்னிக்கு வராம இருந்திருக்கலாமேன்னு நெனச்சேன்." வனஜா பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள். "நீ வராம இருந்திருந்தா, அந்தப் புஸ்தகத்த நானே அரிச்சிருப்பேன். என் காலத்துக்கு அப்புறம்தான் யாருக்காவது தெரிஞ்சிருக்கும். தேங்க்ஸ்மா."

ஸ்னேஹா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கையுறையைக் கழற்ற மறந்துவிட்டாள்.

திறப்பு விழா காலையில் நடந்தது. பெரிய கூட்டம் இல்லை. காக்ஸ் டவுன் குடும்பங்கள், சில ஆசிரியர்கள், தேவாலயத்திலிருந்து சிலர், ஜோகுபாளையத்திலிருந்து வனஜாவின் உறவுக்காரர்கள். முனிராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு தூணோரம் நின்றான். சீனிவாசராகவன் தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிப் பேசிவிட்டு, பேழைகளைச் செய்தவர் ரெண்டு வார்த்தை சொல்லட்டும் என்று வனஜாவை அழைத்தார்.

அவளுக்கு மேடைப் பழக்கம் இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டியது தெளிவாக இருந்தது. பேழைகள் ஒருமுறை தப்பாகப் போனதை மறைக்காமல் சொன்னாள். அதைக் கண்டுபிடித்தது ஸ்னேஹா என்று சொன்னாள். தேதி போனால் போகட்டும் என்று சொன்ன சீனிவாசராகவனைச் சொன்னாள். உத்தமனையும் பட்டறை ஆட்களையும் பெயர் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னாள். பிறகு, இந்த வேலைக்கு நானும் போட்டி போட்டேன், இவரும் போட்டி போட்டார், தோற்றவருடைய ஓவனில்தான் இந்தப் பேழைகள் வெந்தன என்று சொல்லி, பழனிச்சாமியின் பெயரைச் சொன்னாள். ரப்பர் சுரண்டிய பெண்களையும் சொன்னாள். யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். பழனிச்சாமி கூரையின் மரச்சட்டங்களை ஆராய்வதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எல்லோரும் பேழைகளைச் சுற்றிப் பார்த்தார்கள். பறவைப் படங்கள் நிறைந்த பெரிய புத்தகத்தின் முன்னால் குழந்தைகள் கூடினார்கள். சின்னப் புத்தகத்தின் முன்னால்தான் கூட்டம் நகரவே இல்லை. ஸ்னேஹா அதைக் காய்கறிப் பக்கத்தில் திறந்து வைத்திருந்தாள். ஒரு டீச்சரம்மா சத்தமாகப் படித்தார், கத்திரிக்காய், பதனேகாயி, பைங்கன். அடுத்த வார்த்தையை இன்னொருவர் படித்தார். தக்னி பேசும் ஒருவர் உச்சரிப்பைத் திருத்தினார். நாமும் மார்க்கெட்டில் இப்படித்தானே மூன்றையும் கலந்து பேசுகிறோம் என்று யாரோ சொன்னார்கள்.

பழனிச்சாமி எல்லோரும் விலகும்வரை பொறுத்திருந்து அருகே வந்தார். அன்றைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார், நெற்றியில் ஈரம் காயாத சந்தனம். முதலில் கீலைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். பூட்டு இன்னும் ஓரமாக இருந்திருக்கலாம் என்று வனஜாவிடம் சொன்னார். அவளும் அதை ஒப்புக்கொண்டாள்.

"மைசூர்ல ஒரு வேலை வருதாமா" என்றார். "அதுல உங்கள விடமாட்டனுங்க."

"நானும் விடமாட்டேன்ணா."

அவர் சிரித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தொட்டிலில் சாய்ந்திருந்த அந்தப் புத்தகத்தைப் படிக்கக் குனிந்தார். எழுத்து பொடியாக இருக்கவே இன்னும் கிட்டே போனார். இன்னும் கொஞ்சம். டொக்கென்று சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். பழனிச்சாமி நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"கண்ணாடி இருக்கறதே தெரியலீங்களே" என்றார்.

பேழை செய்கிற ஒருவர் இன்னொருவரிடம் இதைவிடப் பெரிதாக என்ன சொல்லிவிட முடியும் என்று வனஜாவுக்குத் தோன்றியது. கண்ணாடியில் சந்தனம் வட்டமாக ஒட்டியிருந்தது. ஸ்னேஹா பதறிப்போய்த் துடைக்கும் துணியோடு ஓடி வந்தாள்.

"குடு, நான் துடைக்கிறேன்" என்று வனஜா அதை வாங்கிக்கொண்டாள்.